பழைய இயந்திரத்தின் நினைவேடு

கிழக்கே வெள்ளறடை மலையடிவாரம் முதல் மேற்கே பொழியூர்க் கடற்கரை வரை, நெய்யாற்றின்கரை வட்டத்தின் எல்லையோர ஊர்களில் மண் அள்ளும் இயந்திரம் வந்து நில்லாத வேலை இன்று அரிது. வீட்டுக்கு அடித்தளம் தோண்டுவதும், முதிர்ந்த ரப்பர் மரங்களை வேரோடு அகற்றி மறுநடவுக்கு நிலத்தைத் திருத்துவதும், குன்னத்துக்கால் பக்கத்துக் கல்குவாரிகளில் லாரிக்குப் பாறை ஏற்றுவதும் அதன் பணிகளே. மக்கள் அதற்கு வழங்கும் பெயர்களிலும் ஒரு சிறு வரலாறு உண்டு. சங்கிலித் தடத்தில் ஊர்வது எந்த நிறுவனத்தின் தயாரிப்பாயினும் ‘ஹிட்டாச்சி’ எனப்படும். சக்கரத்தில் ஓடி, முன்னே வாரியும் பின்னே தோண்டியும் வேலை செய்வது ‘ஜேசிபி’. எல்லைக்கு அப்பால் தமிழகச் செய்தித்தாள்கள் இன்றும் ‘பொக்லைன்’ என்றே எழுதுகின்றன. அது ஒரு பிரெஞ்சு நிறுவனத்தின் பெயர் என்பதை அறிந்தோர் சிலரே.

பெயர் எதுவாயினும், இவ்வூர்களில் சொந்தமாகத் தொழில் தொடங்கும் ஓர் ஆபரேட்டரின் கைக்கு வருவது பெரும்பாலும் பழைய இயந்திரமே. பெரிய ஒப்பந்தப் பணிகள் முடிவடையும்போது அவற்றில் உழைத்த இயந்திரங்கள் விற்பனைக்கு வருவது இயல்பு. விழிஞ்ஞம் துறைமுகத்தின் கட்டுமானம் 2015 டிசம்பரில் தொடங்கியது. அதன் அலைத் தடுப்புச் சுவருக்கு எல்லையின் இருபுறமிருந்தும் பாறை சென்றது. 2024 டிசம்பரில் துறைமுகம் வணிக இயக்கத்துக்கு வந்தது. கழக்கூட்டத்திலிருந்து காரோடு வரையிலான புறவழிச்சாலையும் இதே காலத்தில் இப்பகுதியின் மண்ணைப் புரட்டிப் போட்ட பணியாகும். பல்லாயிரம் மணி நேரம் உழைத்து ஓய்ந்த இயந்திரத்துக்குப் புதுச் சாயம் பூசி, பக்கெட்டின் பற்களை மாற்றி நிறுத்தினால், வாங்க வருபவரின் கண் சாயத்தையும் பற்களையுமே முதலில் காணும்.

இருபது இலட்சம் ரூபாயை ஆண்டுக்கு 11 விழுக்காட்டு வட்டியில், நான்காண்டுத் தவணையில் கடனாகப் பெற்று இத்தகைய ஓர் இயந்திரத்தை வாங்கும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். மாதத் தவணை ஏறத்தாழ 51,700 ரூபாய். நாட்கணக்கில் பார்த்தால், இயந்திரம் ஓடினாலும் ஓடாவிட்டாலும், ஞாயிற்றுக்கிழமையும் மழைநாளும் உட்பட நாளொன்றுக்கு 1,700 ரூபாய். எஞ்சின் பழுதாகி மூன்று வாரம் நின்றால், வாடகை வருவாய் இழப்பும் பழுதுபார்ப்புச் செலவும் ஒருபுறம் இருக்க, தவணைக்கென மட்டும் முப்பத்தையாயிரத்துக்கு மேல் கையிலிருந்து கொடுத்தாக வேண்டும். அந்தக் கை பெரும்பாலும் வீட்டாரின் நகையை நாடிச் செல்கிறது. நகைக் கடனும் நம் போன்ற வங்கிகளிலேயே பெறப்படுவதால், ஒரே இயந்திரத்தின் பழுது இரண்டு கடன் கணக்குகளில் பதிவாகிறது.

இதனை முன்னிட்டே ஒரு கருத்தை இங்கே வலியுறுத்த விழைகிறோம். மின்னணுக் கட்டுப்பாடு கொண்ட பழைய டீசல் இயந்திரம் எதற்கும் கடன் தொகை விடுவிக்கப்படும் முன்னர், அதன் எஞ்சின் கணினியில் பதிவாகியுள்ள பழுதுக் குறியீடுகள் முழுவதும் படிக்கப்பட வேண்டும்; படித்த அறிக்கை கடன் கோப்பில் இணைக்கப்பட வேண்டும்; அது கடன் பெறுபவர் அறிந்த மொழியில் அவருக்கு விளக்கப்பட வேண்டும்.

பழுதுக் குறியீடு என்பது யாது? பழைய இயந்திரங்களில் டீசலை அளந்து தெளித்தது முழுக்க இயந்திரவியல் முறையிலான பம்பு. அதற்குக் கணினியும் இல்லை, குறியீடும் இல்லை. புகையின் நிறமும் மெக்கானிக்கின் செவியுமே அங்கு கருவிகள். பின்னர் வந்த ‘காமன் ரெயில்’ எஞ்சினில், ஒரே குழாயில் ஆயிரத்தறுநூறு பார், அதற்கும் மேலான அழுத்தத்தில் டீசல் தேக்கப்படுகிறது. எந்த சிலிண்டருக்கு, எந்த நொடியில், எவ்வளவு என்பதைக் கணினி தீர்மானிக்கிறது. அதன்பொருட்டு எண்ணெய் அழுத்தம், குளிர்நீரின் வெப்பம், உள்ளிழுக்கும் காற்றின் அழுத்தம், ரெயில் அழுத்தம் ஆகியவற்றை சென்சார்கள் வழியே இடையறாது கேட்டறிகிறது. கேட்ட விடை இயல்புக்கு மாறாக இருப்பின் அதை ஓர் எண்ணாகக் குறித்து வைக்கிறது.

அவ்வெண்ணுக்கு ஒரு பொது இலக்கணம் உண்டு. அமெரிக்க வாகனப் பொறியாளர் சங்கம் வகுத்த ‘ஜே 1939’ என்னும் தரத்தின்படி, குறியீடு இரு பகுதிகளாக அமையும். முதற்பகுதி எதைப் பற்றியது என்பதைச் சொல்லும்: 100 என்றால் எஞ்சின் எண்ணெய் அழுத்தம், 110 என்றால் குளிர்நீரின் வெப்பம், 97 என்றால் டீசலில் நீர், 157 என்றால் ரெயில் அழுத்தம். இரண்டாம் பகுதி என்ன நேர்ந்தது என்பதைச் சொல்லும். அங்கே 3 என்பது மின்னழுத்தம் மிகுந்தது, 4 என்பது குறைந்தது, 5 என்பது கம்பி அறுந்தது போன்ற நிலை, 18 என்பது அளவீடு நம்பத்தக்கது, ஆயினும் இருக்க வேண்டியதைவிடக் குறைவு. சில நிறுவனங்கள் தமக்கென வேறு எண்களை வைத்துள்ளன. கம்மின்ஸ் எஞ்சினில் 559 என்று தோன்றுவதும் பொதுத் தரத்தில் 157, 18 என்று தோன்றுவதும் ஒன்றே. கோமாட்சு இயந்திரத்தின் திரையில் அதுவே ‘சிஏ 559’ என வரும்.

இவ்விரண்டாம் பகுதியைப் படியாமல் விடுவதால் வீணாகும் பணம் கொஞ்சமன்று. திரையில் 157 என்று கண்டதும் ரெயில் அழுத்த சென்சாரை மாற்றிவிடுவது பல பட்டறைகளில் வழக்கம். 157-உடன் 3 அல்லது 4 வந்திருந்தால் சென்சாரையும் அதன் கம்பிகளையும் ஐயுறுவதில் பொருள் உண்டு. 18 வந்திருந்தால் சென்சார் உண்மையையே சொல்லுகிறது. அழுத்தம் மெய்யாகவே குறைந்திருக்கிறது. அப்போது பார்க்க வேண்டியவை வேறு: அடைத்த ஃபில்டர், காற்றை இழுக்கும் குழாய் இணைப்பு, தேய்ந்த பம்பு, மூடாத அழுத்த நிவாரண வால்வு, டீசலைத் திருப்பிக் கசியவிடும் இன்ஜெக்டர். ஒவ்வோர் இன்ஜெக்டரின் திரும்பு குழாயையும் தனித்தனிக் குப்பியில் விட்டு, எதில் மிகுதியாகச் சேருகிறது என்று பார்க்கும் சோதனைக்குச் சில கண்ணாடிக் குப்பிகளும் அரைமணி நேரமும் போதும். அதைச் செய்யாமல் பம்பை மாற்றச் சொல்லும் மதிப்பீட்டை எந்த வாடிக்கையாளரும் அப்படியே ஏற்றுக்கொள்ள வேண்டியதில்லை.

ஆகவே குறியீடு குற்றவாளியின் பெயரைச் சொல்வதில்லை; குற்றம் நடந்த தெருவைச் சொல்கிறது. தொடர்பற்ற மூன்று நான்கு சென்சார்கள் ஒரே நாளில் ஒரே வகைக் குறியீட்டைக் காட்டினால், அவை அனைத்தும் ஒரே நேரத்தில் கெட்டன என்று எண்ணுவதற்கு முன், அவற்றுக்குப் பொதுவாக 5 வோல்ட் மின்சாரம் கொண்டுவரும் கம்பியையும் அதன் தரை இணைப்பையும் சோதிக்க வேண்டும். பூவார், பொழியூர், கொல்லங்கோடு ஆகிய கடலோர ஊர்களின் உப்புக் காற்றில் வேலை செய்த இயந்திரத்தின் இணைப்பிகளைக் கழற்றிப் பார்த்தால், செம்பு முனைகளில் பச்சைக் களிம்பு படிந்திருப்பதைக் காணலாம். மழைக்காலம் முழுவதும் ரப்பர்த் தோட்டத்தில் நிறுத்தி வைத்த இயந்திரத்தில் எலி கடித்த கம்பிகளும் இருக்கும். கணினிகள் தம்முள் பேசிக்கொள்ளும் இரு கம்பிகளுக்கிடையே, மின்சாரத்தை முற்றிலும் துண்டித்த நிலையில், மீட்டரில் ஏறத்தாழ 60 ஓம் காட்ட வேண்டும். 120 காட்டினால் ஒரு முனை அறுந்திருக்கிறது என்று பொருள். சில நூறு ரூபாய் மீட்டர் ஒன்று இத்தனையும் செய்யும்.

எல்லைப் பகுதிக்கே உரிய ஒரு பழுதையும் இங்கே கூற வேண்டும். சங்கிலித் தட இயந்திரம் பெட்ரோல் பங்குக்குச் சென்று டீசல் நிரப்பிக்கொள்ள முடியாது. டீசல்தான் அதனிடம் கேனிலும் பேரலிலும் வர வேண்டும். கேரளத்தைவிடத் தமிழகத்தில் டீசல் விலை குறைவு. 2023 ஏப்ரல் 1 முதல் கேரளம் லிட்டருக்கு 2 ரூபாய் சமூகப் பாதுகாப்புக் கூடுதல் வரி விதித்த பின் வேறுபாடு மேலும் தெளிவாயிற்று. களியக்காவிளையைத் தாண்டினால் மலிவு என்னும்போது, பாறசாலைக்காரர் அப்புறம் சென்று கேன்களை நிரப்பி வருவதில் வியப்பில்லை. அவரைக் குறை கூறவும் நாம் முற்படவில்லை. ஆனால் பல நாள்களுக்கெனப் பேரலில் தேக்கி வைக்கும் டீசலில், இரவின் குளிர்ச்சியில் பேரலின் உட்சுவரில் துளிர்க்கும் நீர் கலக்கிறது. இடவப்பாதி மழையில் மூடி சரியாக இறுகாத பேரலுக்குள் மழைநீரும் இறங்குகிறது. மூடாமல் வைத்த புனல் வழியே செம்மண் துகளும் போகிறது. காமன் ரெயில் பம்பிலும் இன்ஜெக்டரிலும் உராயும் பாகங்களுக்கிடையேயுள்ள இடைவெளி மைக்ரான் கணக்கில் அளக்கப்படுவது. அவற்றுக்கு மசகாக இருப்பதும் அந்த டீசலே. நீர் புகுந்தால் மசகு அற்றுப்போகிறது.

இதன் வரலாறு கணினியில் வரிசையாக எழுதப்படுகிறது என்பதே கவனிக்கத்தக்கது. முதலில் 97 தோன்றும். ஓட்டுநர் நீர் வடிகட்டியின் அடித்திருகைத் திறந்து வடித்துவிடுவார். குறியீடு செயலற்றதாகி, ஆனால் அழியாமல், முன்னைய பழுதுகளின் பட்டியலில் சென்று அமரும். எத்தனை முறை தோன்றியது என்னும் எண்ணிக்கையும் உடனிருக்கும். பல நிறுவனங்களின் சொந்தக் கருவிகள், எத்தனையாவது ஓட்டமணியில் முதலில் தோன்றிற்று, எதில் கடைசியாகத் தோன்றிற்று என்பதையும் காட்டும். ஓர் எடுத்துக்காட்டாக, 6,200 மணி முதல் நாற்பது முறை 97 தோன்றி, 7,000 மணியைத் தாண்டியதும் 157, 18 தோன்றத் தொடங்கியிருந்தால், அந்த எஞ்சினின் பம்பு எந்த வழியில் போய்க்கொண்டிருக்கிறது என்பதை அறிய வேறு சாட்சி வேண்டுவதில்லை. திரையில் அன்று எந்த விளக்கும் எரியாமல் இருக்கலாம். செயலிலுள்ள குறியீடுகளை மட்டும் பார்த்து, ‘ஒன்றுமில்லை, சுத்தம்’ என்று சொல்லும் சோதனை பாதிச் சோதனையே.

விற்பவர் முன்னிரவில் அனைத்தையும் அழித்துவிட்டால் என்ன செய்வது என்று வாசகர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி, அழிப்பதற்கு ஒரு நிமிடம் போதும். எனினும் அழிப்பவரால் எல்லாவற்றையும் அழித்துவிட இயலாது. எட்டாயிரம் மணி உழைத்த இயந்திரத்தின் முன்னைய பழுதுப் பட்டியல் முற்றிலும் வெறுமையாக இருப்பதே ஐயத்துக்குரியது. பேட்டரி தளர்ந்த நாளின் குறைந்த மின்னழுத்தக் குறியீடு ஒன்றாவது எந்த இயந்திரத்திலும் இருக்கும். எஞ்சின் ஓடிய மொத்த மணியும் எரித்த மொத்த டீசலும் பழுதுகளை அழிக்கும் கட்டளைக்கு உட்படாமல் எஞ்சின் கணினியிலேயே நிற்பவை. முகப்புத் திரையில் 6,000 மணி என்றிருக்க, எஞ்சின் கணினி 11,000 என்று சொன்னால், முகப்பை மாற்றியிருக்கிறார்கள். கணினியையே மாற்றியிருப்பின், கணினியில் பதிந்துள்ள எஞ்சின் எண்ணும் எஞ்சின் மேல் பொறித்த எண்ணும் ஒத்திரா. எல்லாம் ஒத்திருந்தாலும், இயந்திரத்தை ஒரு மணி நேரம் முழுச் சுமையில், கடினமான மண்ணில் வேலை வாங்கிய பின் மறுபடியும் குறியீடுகளைப் படிக்க வேண்டும். அழித்த பழுது மெய்யாகவே இருந்தால், அது பெரும்பாலும் அந்த ஒரு மணிக்குள் திரும்பி வரும்.

இவற்றினும் எளிய சோதனை ஒன்று உண்டு. அதற்கு வாங்குபவர் விடியற்காலையில் எழுந்து செல்ல வேண்டும், அவ்வளவே. இரவு முழுவதும் ஓடாமல் குளிர்ந்திருக்கும் எஞ்சினைத் தொடங்காமல், சாவியை மட்டும் திருப்பி, சென்சார்கள் கூறும் அளவுகளைக் கருவியில் பார்க்க வேண்டும். குளிர்நீர், உள்ளிழுக்கும் காற்று, டீசல் ஆகிய மூன்றின் வெப்பமும் அக்காலைக் காற்றின் வெப்பத்தை ஒட்டி, இருபத்தைந்து டிகிரிக்கு அருகில், தமக்குள் ஒன்றுபோல் இருக்க வேண்டும். எண்ணெய் அழுத்தம் சுழியமாக இருக்க வேண்டும். குளிர்நீர் மட்டும் எண்பது டிகிரி என்றால், அங்கே சென்சாருக்குப் பதில் ஒரு மின்தடையைச் செருகி, எஞ்சின் கொதிப்பதை மறைத்திருக்கிறார்கள் என்று கொள்ள இடமுண்டு. விற்பவர், வாங்குபவர் வருவதற்கு முன்பே எஞ்சினை ஓட்டிச் சூடாக்கி வைத்திருந்தால், பேச்சை மறுநாள் காலைக்குத் தள்ளி வைப்பது நல்லது.

எஞ்சின் குறியீடு ஹைட்ராலிக் பம்பின் தேய்மானத்தையோ சங்கிலித் தடத்தின் ஆயுளையோ பூமின் விரிசலையோ சொல்லாது. அவற்றுக்குத் தனிச் சோதனைகள் உள்ளன. அவை பலரும் அறிந்தவை என்பதால் இங்கே விரிக்கவில்லை.

இனி நம் தரப்புக்கு வருவோம். இயந்திரத்துக்குக் கடன் அளிக்கும் நிறுவனங்கள் காகிதங்களை நன்றாகவே பார்க்கின்றன. சக்கர இயந்திரமாயின் பதிவுப் புத்தகம் உண்டு. மார்த்தாண்டத்தின் டிஎன் 75 எண் கொண்ட வண்டி பாறசாலையின் கேஎல் 19 எல்லைக்குள் உரிமை மாற வேண்டுமாயின், தடையில்லாச் சான்றுக்கான 28-ஆம் படிவமும், முந்தைய கடன் தீர்ந்ததற்கான 35-ஆம் படிவமும் கேட்கப்படும். பதிவுப் புத்தகம் இல்லாத சங்கிலித் தட இயந்திரமாயின், மூல விலைப்பட்டியலும், முந்தைய கடன் நிறுவனத்தின் தீர்வுக் கடிதமும், மத்திய பிணைய உரிமைப் பதிவேட்டில் வேறெவருக்கும் உரிமை பதியப்படவில்லை என்னும் தேடலும் பார்க்கப்படும். மதிப்பீட்டாளர் நான்கு புறமும் படம் எடுத்து, சேசிஸ் எண்ணைத் தேய்த்தெடுத்து, சந்தை விலையை எழுதித் தருவார். இத்தனைக்கும் பின்னர், கடனைத் திருப்பிச் செலுத்தப்போகும் எஞ்சினின் உட்பதிவை மட்டும் ஒருவரும் திறந்து பார்ப்பதில்லை என்பது விந்தையே.

2024 அக்டோபர் 1 முதல் அளிக்கப்படும் சில்லறைக் கடன்களுக்கும் சிறு, குறு, நடுத்தரத் தொழில்களுக்கான காலக் கடன்களுக்கும், முக்கிய விவர அறிக்கை ஒன்றைக் கடன் பெறுபவருக்குப் புரியும் மொழியில் தந்து, விளக்கி, அவர் ஒப்புதலைப் பெற வேண்டும் என்று இந்திய ரிசர்வ் வங்கி விதித்துள்ளது. வட்டி எவ்வளவு, கட்டணங்கள் எவை, மொத்தச் செலவு எவ்வளவு என்பன அதில் ஒளிவின்றி இருக்க வேண்டும். மிக நல்ல விதி. வட்டியில் அரை விழுக்காடு கூடினாலும் குறைந்தாலும், நாம் மேலே எடுத்துக்கொண்ட கடனில் மாதத் தவணை ஐந்நூறு ரூபாய் அளவுக்கே மாறும். இறக்கும் நிலையிலுள்ள ஒரு பம்பும் ஒரு தொகுதி இன்ஜெக்டர்களும் அந்த ஐந்நூறைப் பல ஆண்டுக்கணக்கில் பெருக்கினாலும் ஈடாகாத செலவைக் கொண்டுவரும். கடனின் முக்கிய விவரங்களுக்கு ஓர் அறிக்கை இருக்குமாயின், கடனால் வாங்கப்படும் எஞ்சினின் முக்கிய விவரங்களுக்கும் ஒரு பக்கம் ஒதுக்குவது அவ்விதியின் நோக்கத்துக்கு இசைந்ததே.

இதற்கு மறுப்புகள் உண்டு, அறிவோம். முதலாவது, அனுபவமுள்ள மெக்கானிக்கின் செவிக்கு முன் கருவி எம்மாத்திரம் என்பது. நாகர்கோவிலிலும் மார்த்தாண்டத்திலும் நெய்யாற்றின்கரையிலும் எஞ்சின் ஓசையைக் கேட்டே பேரிங்கின் தேய்மானத்தைச் சொல்லும் மூத்தோர் இருக்கின்றனர். அவர்களிடம் நமக்குப் பெருமதிப்பு உண்டு. ஆனால் ஒன்பது மாதங்களுக்கு முன் நாற்பது முறை நீர் புகுந்ததை எந்தச் செவியும் இன்று கேட்க முடியாது. குறியீட்டைப் படித்தபின் எங்கே கைவைப்பது என்று தீர்மானிக்கவே அம்மூத்தோர் வேண்டும். கருவி அவர்களுக்கு மாற்றாக வருவதன்று.

இரண்டாவது மறுப்பு வலுவானது: கருவியும் மென்பொருளும் உற்பத்தியாளரின் கையில் பூட்டப்பட்டிருக்கின்றன. கார்களில் இந்நிலை இல்லை. அமெரிக்காவில் 1996 முதல் கார்கள் யாவும் ஒரே வகைப் பொருத்தியைக் கொண்டிருக்க வேண்டும் என்று சட்டம் வந்ததால், மலிவான கருவி ஒன்றே எல்லாக் கார்களையும் படிக்கிறது. மண் அள்ளும் இயந்திரங்களில் பொதுத் தரக் குறியீட்டைப் பொதுக் கருவிகள் படித்துவிடும். ஆழ்ந்த பதிவுகளுக்கும் சில சோதனைகளுக்கும் நிறுவனத்தின் மென்பொருளே வேண்டும். உழவர்கள் தம் டிராக்டரைத் தாமே பழுதுபார்க்கும் உரிமைக்காக அமெரிக்காவில் நீண்ட போராட்டம் நடந்து, கொலராடோ மாநிலம் 2023-இல் அதற்கெனச் சட்டம் இயற்றி 2024 தொடக்கத்திலிருந்து நடைமுறைப்படுத்தியது. இந்தியாவில் நுகர்வோர் நலத் துறை 2022-இல் பழுதுபார்க்கும் உரிமைக்கென ஒரு குழுவை அமைத்து, அவ்வாண்டு டிசம்பரில் இணையதளத்தையும் தொடங்கியது. வேளாண் கருவிகள், கைபேசிகள், வீட்டுச் சாதனங்கள், மோட்டார் வாகனங்கள் ஆகிய நான்கு துறைகள் அதில் முன்னுரிமை பெற்றன. கட்டுமான இயந்திரங்கள் தனித் துறையாகப் பெயர் பெறவில்லை. பெறவேண்டும் என்பதே நம் நிலை. அதுவரை, விற்பனை முகவரின் சேவைப் பிரிவுக்குக் கட்டணம் செலுத்தியேனும் பதிவைப் படிக்கச் செய்வது நலம். அக்கட்டணத்தைக் கடன் பரிசீலனைச் செலவோடு சேர்க்கலாமா, விற்பவரும் வாங்குபவரும் பகிர்ந்துகொள்ளலாமா என்பன பேசித் தீர்க்கத்தக்க சிறு செய்திகள்.

மூன்றாவது மறுப்பு, விற்பவர் இணங்கமாட்டார் என்பது. வாங்குபவர் ஒருவராகக் கேட்டால் இணங்காதவர், கடன் தொகை விடுவிப்பதற்கு நிபந்தனை என்று வங்கி சொன்னால் இணங்குவார். நேர்மையான விற்பனையாளருக்கு இதனால் ஆதாயமே. நல்ல பராமரிப்பில் இருந்த தம் இயந்திரத்துக்குச் சற்றுக் கூடுதல் விலையை அவர் உரிமையோடு கேட்கலாம். பழுது தெரிந்த இயந்திரத்தை வாங்கவே கூடாது என்றும் நாம் சொல்லவில்லை. பம்பு மாற்ற வேண்டியிருக்கிறது என்பதை அறிந்து, அச்செலவைக் கழித்து விலை பேசி, அதற்கேற்பக் கடன் தொகையை அமைத்துக்கொண்டு வாங்குபவர் ஏமாற்றப்பட்டவர் அல்லர்.

மொழி பற்றிய செய்தி எஞ்சியிருக்கிறது. 1956 நவம்பர் 1 அன்று மாநிலங்கள் மொழிவழி பிரிக்கப்பட்டபோது தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய வட்டங்கள் அன்றைய சென்னை மாநிலத்தில் சேர, நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. கோடு எங்கே விழுந்தாலும் அதன் இருபுறமும் இரு மொழிகளும் தங்கிவிட்டன. இவ்வூர்களில் ஓர் ஆபரேட்டர் வீட்டில் தமிழ் பேசுவார், பள்ளியில் மலையாளம் படித்திருப்பார், வேலைத்தளத்தில் இரண்டையும் கலந்து பேசுவார். அவர் முன்னே இயந்திரத்தின் திரை ஆங்கிலத்தில் ஒளிர்கிறது. எண்ணைப் பார்த்துப் படம் எடுத்து நண்பருக்கு அனுப்பி, அவர் சொல்லும் பாகத்தை மாற்றுவதே பலருக்கும் வழியாக இருப்பதன் காரணம் சோம்பலன்று. அவர் படிக்கத்தக்க வடிவில் அது எழுதப்படவில்லை.

எழுதுவது பெரும்பணியும் அன்று. இரண்டாம் பகுதி எண்கள் 0 முதல் 31 வரை மட்டுமே. அவற்றிலும் சில எதிர்கால உபயோகத்துக்கென வெறுமையாக விடப்பட்டவை. முதற்பகுதி எண்கள் ஆயிரக்கணக்கில் இருந்தாலும், பழைய இயந்திரம் வாங்குபவர் அறிய வேண்டியவை ஒரு முப்பதுக்குள் அடங்கும். எண்ணெய் அழுத்தம், குளிர்நீர், டீசலில் நீர், ரெயில் அழுத்தம், டர்போவின் காற்றழுத்தம், பேட்டரி, 651 முதல் 656 வரை ஆறு சிலிண்டர்களின் இன்ஜெக்டர்கள் என அவை நீளும். ஒரு தாளின் ஒரு பக்கம் தமிழிலும் மறுபக்கம் மலையாளத்திலும் அச்சிட்டு, பாறசாலையிலும் நெய்யாற்றின்கரையிலும் களியக்காவிளையிலும் உள்ள கிளைகளில் கடன் விண்ணப்பத்தோடு சேர்த்துக் கொடுக்கலாம். தாளின் அடியில் நான்கு வெற்றிடங்கள் போதும்: எஞ்சின் கணினி காட்டும் ஓட்டமணி, செயலிலுள்ள குறியீடுகள், முன்னைய குறியீடுகள் அவற்றின் எண்ணிக்கையுடன், படித்தவரின் கையொப்பம். இடவப்பாதிக்கு முன் வேலை மிகும் மாதங்களில்தான் பழைய இயந்திரங்கள் அதிகம் கைமாறுகின்றன. அடுத்த பருவத்துக்குள் இத்தாள் அச்சாகி வர வேண்டும் என விரும்புகிறோம்.